சத்தம், ஆட்டம், வழுக்கல்: வீட்டிலேயே சைக்கிள் பழுது பார்க்கும் வழிமுறை

செயின் வழுக்கினால் ப்ரீவீலை (பின் சக்கரத்தின் பல்சக்கரம்) மாற்றுவது, பெடல் கட்டையில் வரும் சத்தத்துக்கு பி.பி. அச்சை (இரண்டு பெடல் கைகளையும் இணைக்கும் நடு அச்சு) பிரிப்பது, காற்று இறங்கினால் ஓட்டை எங்கே என்று பார்க்காமலே டியூபை மாற்றுவது. சைக்கிளில் வீண் செலவு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. ஸ்பானரைக் கையில் எடுக்கும் முன் கோளாறு எப்போது வருகிறது என்று பாருங்கள். மிதிக்கும்போது மட்டுமா, மிதிக்காமல் உருளும்போதும் வருகிறதா? பெடல் ஒரு சுற்று சுற்றினால் ஒரு தடவையா, சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஒரு தடவையா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் எந்த நட்டைத் தொட வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

சேலத்தில் ஓடும் வண்டிகளை மூன்றாகப் பிரிக்கலாம். ராட் பிரேக் (ஒயருக்குப் பதில் இரும்புக் கம்பியால் இழுக்கும் பிரேக்) போட்ட 28 அங்குல ஸ்டாண்டர்டு வண்டி, பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு தருவது போன்ற கியர் இல்லாத வண்டி, வி-பிரேக் (ஒயரால் ரிம்மை இரண்டு பக்கமும் கவ்வும் பிரேக்) அல்லது டிஸ்க் போட்ட கியர் வண்டி. எங்கே வேலை மாறுகிறதோ அங்கே மட்டும் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறது.

தேவையான சாமான்கள் அதிகமில்லை: 10, 15 மி.மீ. ஸ்பானர்கள், 4, 5, 6 மி.மீ. ஆலன் கீ, இரண்டு வகை ஸ்க்ரூ டிரைவர், பிளாஸ்டிக் டயர் லீவர் இரண்டு, பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான், ஸ்போக் கீ, பள்ளிப் பிள்ளைகளின் 30 செ.மீ. ஸ்கேல், பழைய டூத் பிரஷ், துணி. ஸ்டாண்டர்டு வண்டியின் நட்டுகளில் பல மி.மீ. ஸ்பானருக்குச் சரியாக உட்காராது. அதற்கு சைக்கிள் கடையில் விற்கும் தட்டை ஸ்பானரை வாங்கிக்கொள்ளுங்கள். முனை மழுங்கிய நட்டைக் கழற்றுவதை விடப் பெரிய தொல்லை இந்த வேலையில் கிடையாது.

பிரேக் பிடித்தாலும் வண்டி நிற்கவில்லை

முதலில் இதைப் பார்க்கக் காரணம் ஏற்காடு. சேலம் நகரம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்றால், 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி முடிக்கும்போது வெளியேற வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 10 லட்சம் ஜூல். மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு அது. ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும், மீதி ரிம்மிலும் பிரேக் கட்டையிலும் இறங்கும். சமதளமான சேலம் ஐந்து ரோடு சந்திப்பில் நன்றாகப் பிடிக்கும் பிரேக் மலையிலும் அப்படியே பிடிக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

லீவரை முழுப் பலத்தோடு அழுத்துங்கள். ஹேண்டில்பாரைத் தொட்டுவிட்டால் ஒயர் தளர்ந்திருக்கிறது, அல்லது கட்டை தேய்ந்திருக்கிறது. முழுக்க அழுத்திய நிலையிலும் லீவருக்கும் பாருக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். வி-பிரேக்கில் செய்ய வேண்டியது:

1. கட்டையில் உள்ள பள்ளக் கோடுகளைப் பாருங்கள். கோடு மறைந்திருந்தால் ஒயரை இறுக்கிப் பயனில்லை, கட்டையை மாற்றுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.
2. கட்டையில் மினுமினுக்கும் உலோகத் துகள் பதிந்திருந்தால் ஊசியால் கிளறி எடுங்கள். விட்டால் அது ரிம்மைக் கீறிக்கொண்டே இருக்கும். கட்டையின் முகம் பளபளவென்று இருந்தால் உப்புத்தாளில் நாலு இழுப்பு இழுத்துவிடுங்கள்.
3. ரிம்மைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் துடையுங்கள். செயினுக்கு விட்ட எண்ணெய் தெறித்திருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது.
4. கட்டை ரிம்மின் மேல் விளிம்புக்கு ஒரு மி.மீ. கீழே உட்கார வேண்டும். மேலே ஏறினால் டயரின் பக்கவாட்டை அறுத்துவிடும், கீழே இறங்கினால் ரிம்மில் இருந்து நழுவி ஸ்போக்ஸில் மாட்டும்.
5. கட்டைக்கும் ரிம்முக்கும் இடைவெளி 1 முதல் 2 மி.மீ. ஒயர் நட்டைத் தளர்த்தி, கட்டைகளைக் கையால் ரிம்மோடு சேர்த்துப் பிடித்து, ஒயரை இழுத்து, மிகச் சிறிது விட்டுக்கொடுத்து நட்டை இறுக்குங்கள். மீதிச் சரிக்கட்டலை லீவர் பக்கம் உள்ள திருகில் செய்துகொள்ளலாம்.

லீவரை விட்டதும் பிரேக் திரும்பி வராமல் ஒட்டிக்கொண்டால் ஸ்பிரிங்கைக் குறை சொல்ல வேண்டாம். பெரும்பாலும் ஒயரின் வெளிக்குழாய்க்குள் துரு ஏறியிருக்கும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் மூடுபனியில் நிற்கும் வண்டிகளில் இது சகஜம். உள் ஒயரை உருவி, குழாய்க்குள் நாலு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு மறுபடி கோர்க்கலாம். ஒயரில் ஒரு இழை அறுந்திருந்தாலும் புது ஒயர்தான்.

மெக்கானிக்கல் டிஸ்க்கில் பெரும்பாலும் வெளிப்பக்கக் கட்டை மட்டுமே அசையும். உள்பக்கக் கட்டையை காலிப்பரின் (கட்டைகளைத் தாங்கும் கூடு) உட்புறத் திருகால் நாம்தான் தட்டுக்கு நெருக்கமாகக் கொண்டுவர வேண்டும். இது தெரியாமல் ஒயரை மட்டும் இறுக்கினால் தட்டு ஒரு பக்கமாக வளைந்து வளைந்து அழுத்தப்படும். தட்டு ‘சர் சர்’ என்று உரசினால் காலிப்பரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகளைத் தளர்த்தி, லீவரை அழுத்திப் பிடித்தபடியே அவற்றை மாறி மாறி இறுக்குங்கள். டிஸ்க் பக்கம் எண்ணெய் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். எண்ணெய் குடித்த கட்டையைத் தேய்த்து மீட்பதை விட மாற்றுவது மேல். மலை இறங்கிய உடனே தட்டைத் தொட்டால் விரல் வெந்துவிடும்.

ராட் பிரேக் வண்டியைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று: மலையில் இருந்து அதை ஓட்டிக்கொண்டு இறங்காதீர்கள். முலாம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் ரப்பருக்குப் பிடிப்பே இருக்காது, மழை எப்போது வரும் என்று அங்கே சொல்லவும் முடியாது. ஊருக்குள் ஓட்ட, கட்டை இரண்டும் ரிம்மை ஒரே நேரத்தில் தொடும்படி ராட் நட்டுகளைச் சரிசெய்தால் போதும்.

எந்த பிரேக்காக இருந்தாலும் இறக்கம் முழுக்க லேசாகப் பிடித்துக்கொண்டே வருவதுதான் கெடுதல். ரிம் ஆற நேரமில்லாமல் சூடேறி டியூப் வெடிக்கக்கூடும். வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிடுங்கள். ரப்பர் கருகும் வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிட்டுப் புறப்படுங்கள்.

பிரேக் ‘கீச்’ என்று கத்துகிறதா? கட்டையின் முன் முனை முதலில் ரிம்மைத் தொட்டு, பின் முனையில் ஒரு மி.மீ. இடைவெளி இருக்கும்படி வையுங்கள். ஒரு போஸ்ட் கார்டைப் பின் முனையில் மடித்துச் செருகிக்கொண்டு இறுக்கினால் அளவு சரியாக வரும்.

ராத்திரி அடித்த காற்று காலையில் இல்லை

டியூபைப் பிரிக்காதீர்கள். முதலில் வால்வில் எச்சில் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கோளாறு அங்கேதான். ஸ்டாண்டர்டு வண்டியின் வால்வுக்குள் இருக்கும் வால்டியூப், அதாவது அந்த மெல்லிய ரப்பர் குழாய், சேலத்து வெயிலில் வெடித்துப்போகும். பழையதை உருவிவிட்டுப் புதியதை எச்சில் தொட்டு ஏற்றினால் வேலை முடிந்தது. மோட்டார் சைக்கிள் மாதிரி வால்வு இருந்தால் உள் ஊசி தளர்ந்திருக்கலாம். வால்வு கீ இருந்தால் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள்.

வால்வு நேராக நிற்காமல் சாய்ந்து நின்றால் அது முன்னெச்சரிக்கை. காற்றுக் குறைவாக ஓட்டியதால் டயரும் டியூபும் ரிம்மில் நகர்ந்திருக்கின்றன. விட்டால் வால்வின் அடி கிழியும், அங்கே ஒட்டுப் போட்டாலும் நிற்காது. காற்றை இறக்கி, டயரைக் கையால் நகர்த்தி வால்வை நேராக்குங்கள். வால்வின் அடி நட்டை விரலால் இறுக்கினால் போதும். ஸ்பானர் போட்டால் அதுவே கிழிப்பதற்கு வழி.

பஞ்சர்

ஒட்டுவதை விட ஓட்டை ஏன் விழுந்தது என்று கண்டுபிடிப்பதுதான் இங்கே முக்கியம். சக்கரத்தைக் கழற்றி, டயரின் ஒரு பக்கத்தை மட்டும் லீவரால் வெளியே எடுங்கள். ஸ்க்ரூ டிரைவர் போட்டால் இரண்டாவது பஞ்சரையும் நீங்களே போட்டுவிடுவீர்கள். டியூபை எடுக்கும்போது அது டயரில் எந்தப் பக்கமாக இருந்தது என்று நினைவில் வையுங்கள். காற்றடித்து வாளித் தண்ணீரில் முக்கி ஓட்டையைக் கண்டுபிடியுங்கள்.

ஓட்டை வெளிப்பக்கம், அதாவது டயர் ரோட்டைத் தொடும் பக்கம் இருந்தால் முள் அல்லது கண்ணாடி. வால்வை வைத்து அளந்து, டயரில் அதே இடத்தைப் பாருங்கள். சீமைக்கருவேல முள் மேலே ஒடிந்து, நுனி மட்டும் டயருக்குள் தங்கியிருக்கும். டயரின் உட்புறத்தைப் பழைய துணியால் ஒரு சுற்று துடைத்தால் நூல் எங்கே சிக்குகிறதோ அங்கே முள். அதை எடுக்காமல் ஒட்டிய ஒட்டு தெரு முனை தாண்டாது.

ஓட்டை உள்பக்கம் இருந்தால் ஸ்போக்ஸ் முனை குத்தியிருக்கிறது, அல்லது ரிம் டேப் விலகியிருக்கிறது. முனையை அரத்தால் ராவி, டேப்பைச் சரியாக்குங்கள். டேப் கிழிந்திருந்தால் புதிது போடுங்கள்.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்னக் கீறல் என்றால் காற்றுக் குறைவாகப் பள்ளத்தில் விட்டிருக்கிறீர்கள். ஒட்டிவிட்டு, இனிமேல் வாரம் ஒரு முறை காற்றைப் பாருங்கள். 26 x 1.95 டயருக்கு 40 முதல் 50 பி.எஸ்.ஐ. நன்றாக இருக்கும். எந்த டயராக இருந்தாலும் அதன் பக்கவாட்டில் போட்டிருக்கும் அதிகபட்ச அளவைத் தாண்டக் கூடாது. மலை ஏறுவதற்கு முன் காற்றை இறக்கிவிட வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். தேவையில்லை. உயரத்தால் டயரில் கூடுவது ஏறக்குறைய 2 பி.எஸ்.ஐ., மலையின் குளிரால் குறைவதும் கிட்டத்தட்ட அவ்வளவே.

ஒட்டும் முறை: ஓட்டையைச் சுற்றி ஒட்டை விடப் பெரிய வட்டமாக உப்புத்தாளால் தேயுங்கள். டியூபின் நடுவில் ஓடும் தையல் மேடு அந்த வட்டத்துக்குள் வந்தால் அதையும் சமமாக்குங்கள், இல்லாவிட்டால் காற்று அதன் ஓரமாக வெளியே வரும். சொல்யூஷனை மெல்லியதாகப் பூசி, ஐந்து நிமிடம் காயவிடுங்கள். பலர் அவசரப்படும் இடம் இது. பளபளப்பு போய் மங்கினால்தான் ஒட்டுவதற்குப் பதம். ஒட்டை வைத்து நடுவில் இருந்து ஓரத்துக்கு அழுத்தி, மேலே கொஞ்சம் முகப்பவுடர் தூவுங்கள், டயரில் ஒட்டாது. திறந்த சொல்யூஷன் ட்யூப் சில மாதத்தில் உள்ளேயே காய்ந்துவிடும், பிதுக்கிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். டயரை மாட்டிய பின் இரண்டு பக்கமும் விரலால் தள்ளிப் பாருங்கள். ஓரத்தில் டியூப் எட்டிப் பார்த்தால் காற்றடித்ததும் அது வெடிக்கும்.

அழுத்தி மிதித்தால் செயின் வழுக்குகிறது

ஏற்றத்தில், எழுந்து நின்று மிதிக்கும்போது ‘டக்’ என்று ஒரு பல் தாண்டினால் செயினை அளந்து பாருங்கள். ஒரு ரிவெட்டின் நடுவில் ஸ்கேலின் சுழியத்தை வைத்து, 20 இணைப்பு தள்ளி இருக்கும் ரிவெட்டின் நடுவரை எண்ணுங்கள். புதுச் செயினில் அது 25.4 செ.மீ. கியர் வண்டியில் 25.5-ஐத் தாண்டிவிட்டால் செயினை மாற்றுங்கள். கியர் இல்லாத வண்டியில் 25.6 வரை ஓட்டலாம். அதற்கும் மேல் போனால் நீண்ட செயின் ப்ரீவீலின் பற்களையும் தன் அளவுக்குத் தேய்த்திருக்கும், அப்புறம் புதுச் செயின் போட்டாலும் வழுக்கும், ப்ரீவீலையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். செயின் விலை குறைவு, ஆகவே அதை நேரத்தில் மாற்றுவதுதான் சிக்கனம்.

செயின் அளவு சரியாக இருந்தும் பெடல் திடீரென்று ‘சர்ர்’ என்று வெறுமையாகச் சுற்றினால் குறை ப்ரீவீலுக்குள் இருக்கிறது. உள்ளே உள்ள சின்ன நகங்கள் காய்ந்த கிரீஸில் ஒட்டிக்கொண்டிருக்கும். சக்கரத்தைப் படுக்கவைத்து, ப்ரீவீலின் இடைவெளியில் கொஞ்சம் டீசல் விட்டுச் சுற்றிச் சுற்றி அழுக்கை வெளியேற்றுங்கள். நன்றாக வடிந்ததும் தையல் மெஷின் எண்ணெய் சில சொட்டு. கிரீஸ் கூடாது, திரும்பவும் ஒட்டிக்கொள்ளும். டிஸ்க் வண்டியில் டீசல் தட்டில் படாமல் துணி சுற்றிக்கொள்ளுங்கள். ப்ரீவீலைக் கழற்றுவது மட்டும் கடை வேலை. அதற்கான குழல் ஒவ்வொரு மாடலுக்கும் வேறு.

எண்ணெய் விஷயத்தில் நம் ஊரில் இரண்டு கெட்ட பழக்கம். ஒன்று, மோட்டார் சைக்கிளில் வடித்த பழைய எஞ்சின் ஆயில். இன்னொன்று, சமையலறைத் தேங்காய் எண்ணெய். முன்னது கரியும் உலோகத்தூளும் கலந்தது. பின்னது நாளாக ஆகப் பிசினாகும். மேக்னசைட் வெட்டும் சுண்ணாம்புக் கரட்டுப் பக்கம் ஓட்டினால் அந்த வெள்ளைத் தூசி பிசினில் ஏறி உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். செயினைத் துணியால் துடைத்துவிட்டு, ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பெடலைப் பின்னால் இருபது சுற்று சுற்றி, வெளியே மினுக்கும் எண்ணெயை முழுக்கத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் உருளைக்குள் இருந்தால் போதும், வெளியே இருப்பது தூசிக்குத்தான் உதவும்.

செயின் கழன்று விழுகிறது

கியர் இல்லாத வண்டியில் இது தொய்வு. செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் மொத்தம் ஒன்று முதல் ஒன்றரை செ.மீ. அசைய வேண்டும். பின் சக்கர நட்டுகளைத் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னால் இழுத்து, இரண்டு ஃப்ரேம் குழாய்களுக்கும் சரிநடுவில் நிறுத்தி, நட்டுகளை மாறி மாறி இறுக்குங்கள். பிறகு பெடலை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். முன் பல்சக்கரம் சரியான வட்டமாக இருப்பது அபூர்வம், ஆகவே ஒரு இடத்தில் செயின் இறுகும், இன்னொரு இடத்தில் தளரும். இறுகும் இடத்தில் அளவு சரியாக இருக்க வேண்டும். நாண் போல இழுத்துக் கட்டினால் பி.பி. பால்ஸ் (பேரிங் குண்டுகள்) சீக்கிரம் போய்விடும். சக்கரம் பின்னால் வந்ததால் பிரேக் கட்டையின் இடமும் மாறியிருக்கும், அதையும் பாருங்கள்.

செயின் லாக் போடும்போது அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் எதிலாவது பட்டு வாய் திறந்துகொள்ளும்.

கியர் மாறத் தாமதம், அல்லது தானாக மாறுகிறது

வண்டி சமீபத்தில் வலது பக்கமாக விழுந்ததா? விழுந்திருந்தால் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். டிரெய்லரின், அதாவது செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் பின் கருவியின், இரண்டு சின்னச் சக்கரங்களும் ப்ரீவீலுக்கு நேர்க்கோட்டில் இல்லாவிட்டால் அதைத் தாங்கும் துண்டு வளைந்திருக்கிறது. திருகுகளைச் சுழற்றி இதைச் சரிசெய்யவே முடியாது, கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

வளையவில்லை என்றால் குறை ஒயரின் இழுப்பில் இருக்கிறது. பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால், டிரெய்லரின் பின்னால் ஒயர் நுழையும் உருளைத் திருகை, பின்னால் நின்று பார்க்க, இடஞ்சுழியாக அரைச் சுற்று. சின்னப் பல்லுக்கு இறங்கத் தயங்கினால் வலஞ்சுழியாக. ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஒரு தடவை மாற்றிப் பாருங்கள். செயின் பெரிய பல்லையும் தாண்டி ஸ்போக்ஸுக்குள் விழுந்தால் L என்று போட்ட திருகைக் கால் கால் சுற்றாக உள்ளே இறுக்குங்கள். ஃப்ரேம் பக்கம் விழுந்தால் H திருகு. இந்த இரண்டும் எல்லைக் கற்கள், கியர் மாறும் நயத்துக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. அவற்றைத் திருகித் திருகியே பலர் நல்ல கியரைக் கெடுக்கிறார்கள்.

சத்தம்

வண்டி ஓடும்போது மிதிப்பதை நிறுத்துங்கள். சத்தம் நின்றால் பெடல், கிராங்க் (பெடலைத் தாங்கும் கை), செயின். நிற்காவிட்டால் சக்கரம், பிரேக், மட்கார்டு. சீட்டை விட்டு எழுந்ததும் நின்றால் சீட்டின் கம்பியும் கிளாம்பும்.

பெடல் சுற்றுக்கு ஒரு ‘டக்’ வந்தால் முதலில் பெடல் கட்டை. ஒவ்வொரு காலாகத் தனியாக மிதித்து எந்தப் பக்கம் என்று பாருங்கள். கழற்றும்போது கவனம்: இடது பெடலின் மரை தலைகீழ். ஸ்பானரைக் கிராங்குக்கு நேர் மேலே நிறுத்திக்கொண்டால் குழப்பமில்லை. இரண்டு பக்கமும் வண்டியின் முன்பக்கம் தள்ளினால் இறுகும், பின்பக்கம் இழுத்தால் கழலும். மரையில் கிரீஸ் தடவி மாட்டுங்கள், பாதிச் சத்தம் இதிலேயே போய்விடும்.

பெடல் இரண்டரைச் சுற்றுக்கு ஒரு முறை வந்தால் அது செயின். ஸ்டாண்டர்டு வண்டியில் முன் பல்சக்கரத்துக்கு 44 பல், செயினுக்கு ஏறக்குறைய 112 இணைப்பு. செயின் ஒரு வட்டம் வர அத்தனை சுற்று ஆகும். எங்கோ ஒரு இணைப்பு துருவேறி மடங்காமல் நிற்கிறது. பெடலை மெதுவாகப் பின்னால் சுற்றினால் அந்த இணைப்பு ப்ரீவீலில் துள்ளும். எண்ணெய் விட்டு, இரண்டு பக்கமும் பிடித்துப் பக்கவாட்டில் லேசாக வளைத்துவிடுங்கள்.

கட்டர்பின் (கிராங்கை அச்சோடு பிடித்து வைக்கும் ஆப்பு) போட்ட வண்டியில், காலுக்கு அடியில் ஒரு வெட்டு மாதிரித் தெரிந்தால் பின் தேய்ந்திருக்கிறது. கிராங்குகளைப் படுக்கை வசமாக நிறுத்தி இரண்டையும் ஒருசேர அழுத்தினால் ஒன்று முதலில் இறங்கும். பழைய பின்னைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அதே தடிமனில் வாங்குங்கள். அடித்து எடுக்கும்போதும் போடும்போதும் கிராங்குக்கு அடியில் இரும்புக் குழாய் ஒன்றைத் தரையில் ஊன்றி முட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் சுத்தியல் அடி முழுவதும் பால்ஸில் இறங்கி கப்பில் குழி விழும். பின்னை உட்காரவைப்பது சுத்தியல், நட்டு அதைப் பிடித்து வைக்க மட்டுமே. நட்டை இறுக்கியே பின்னை இழுக்கப் பார்த்தால் மரை அறுந்துவிடும். இரண்டு பின்களையும் எதிரெதிராகப் போட வேண்டும்: கிராங்குகள் படுக்கையாக இருக்கும்போது ஒரு நட்டு மேலே பார்த்தால் மற்றது கீழே பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் இரண்டு கிராங்கும் ஒரே கோட்டில் நிற்காது. இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டியதும் மறுபடி தட்டி இறுக்குங்கள்.

சக்கரம் ஆடுகிறது

ஆட்டம் இரண்டு வகை. சக்கரத்தை நிறுத்தி ரிம்மைப் பக்கவாட்டில் ஆட்டும்போது லொடலொடத்தால் கோன் (அச்சில் பால்ஸை அழுத்திப் பிடிக்கும் நட்டு) தளர்ந்திருக்கிறது. ஆட்டினால் அசையாமல், சுற்றும்போது மட்டும் நெளிந்தால் ரிம்மில் கோட்டம்.

கோனை இறுக்கும்போது மிகச் சிறிது தளர்வு விட்டுவையுங்கள், லாக் நட்டை இறுக்கியதும் அது சரியாகிவிடும். சுற்றும்போது கரகரவென்றால் பிரித்துத்தான் ஆக வேண்டும். பொதுவாக முன் ஹப்பில் பக்கத்துக்கு 3/16 அங்குல பால்ஸ் 10, பின் ஹப்பில் பக்கத்துக்கு 1/4 அங்குலம் 9, பி.பி.யில் கூடு இல்லாமல் போட்டால் பக்கத்துக்கு 1/4 அங்குலம் 11. இருந்தாலும் எடுக்கும்போதே எண்ணி வையுங்கள். ஒன்றில் குழி விழுந்திருந்தாலும் எல்லாவற்றையும் மாற்றுங்கள். புதிதும் பழசும் கலந்தால் பாரம் முழுவதையும் புதியவைதான் தாங்கும்.

கோட்டம் எடுக்க வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பிரேக் கட்டையையே அளவுகோலாக வையுங்கள். ரிம் இடது பக்கம் சாயும் இடத்தில் வலது பக்க ஹப்பில் இருந்து வரும் கம்பிகளைக் கால் சுற்று இறுக்குங்கள், இடது பக்கக் கம்பிகளைக் கால் சுற்று தளர்த்துங்கள். டயர் பக்கம் இருந்து பார்க்க நிப்பிளை (கம்பியை ரிம்மில் பிடிக்கும் சின்ன நட்டு) வலஞ்சுழியாகத் திருப்பினால் இறுகும். ஹப் பக்கம் இருந்து பார்த்தால் அதே திருப்பு இடஞ்சுழியாகத் தெரியும், குழம்ப வேண்டாம். ஒரு மி.மீ. நெளிவு வரை குறைந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். நிப்பிள் துருப்பிடித்து இறுகியிருந்தால் முந்தின நாளே ஒரு சொட்டு எண்ணெய் விட்டுவைப்பது நல்லது. ஒரே கம்பி அடிக்கடி அறுந்தால், அல்லது நிப்பிள் துளையைச் சுற்றி ரிம்மில் விரிசல் தெரிந்தால், அந்த ரிம்மில் கோட்டம் எடுத்துப் பயனில்லை.

முன் பிரேக் பிடித்தால் ஹேண்டில் ‘தட்’ என்கிறது

முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். தலைக்குழாயில் விரல் வைத்தால் அசைவு தெரியும். மேலே உள்ள லாக் நட்டைத் தளர்த்தி, அடியில் உள்ள கப்பைக் கையால் இறுக்கி, லாக் நட்டைப் போடுங்கள். ஹேண்டில் தன் பாரத்திலேயே இரண்டு பக்கமும் விழ வேண்டும். நடுவில் மாட்டி நின்றால் அதிகமாக இறுக்கிவிட்டீர்கள். போர்க்கே (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) பின்பக்கம் வளைந்திருந்தால், அதைச் சூடுபடுத்தி நிமிர்த்தித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் புதியது போடுங்கள்.